இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்களைச் சென்று பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வெஸ்ட்மின்ஸ்டர், கேன்டர்பரி, யார்க் என்று பெரிய பேராலயங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவை பார்க்க வேண்டியவைதான். ஆனால் இடைக்கால இங்கிலாந்தில் சாதாரண மக்கள் எதை நம்பினார்கள், எதற்குப் பயந்தார்கள், கையில் காசு சேர்ந்தபோது எதற்குச் செலவழித்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், வயல்களுக்கு நடுவே நிற்கும் ஊர்ச் சர்ச்சுக்குத்தான் போக வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையிடம் சுமார் 16,000 தேவாலயக் கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றில் பல ஆயிரம் இடைக்காலத்தவை. நார்ஃபோக் என்ற ஒரே கவுன்டியில் (நம் மாவட்டம்போல) மட்டும் 650க்கு மேல் உள்ளன. நுழைவுக் கட்டணம் கிடையாது. பல நாட்களில் உள்ளே உங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

சிக்கல் ஒன்றுதான். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் உள்ளே போனால் வெள்ளைச் சுவர், மர பெஞ்சு, கொஞ்சம் குளிர், இவ்வளவுதான் கண்ணில் படும். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். இந்தக் கட்டடங்களில் இன்று மிஞ்சியிருப்பதைவிட அழிந்துபோனதுதான் அதிகம். அழிந்தது எங்கே இருந்தது, யார் அழித்தார்கள், ஏன் அழித்தார்கள் என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், ஒரு சின்ன ஊர்ச் சர்ச்சில்கூட ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. அந்தப் பார்வையைப் பழக்கிக்கொள்ள உதவுவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

புகழ்பெற்ற சர்ச்சுகளைப் பட்டியலிட்டு நாடு முழுக்க அலைவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே வட்டாரத்தில் நான்கைந்து சர்ச்சுகளைப் பார்த்தால்தான் அங்கே கிடைத்த கல், அங்கே இருந்த பணம், அங்கே நடந்த அழிவு ஆகியவை பிடிபடும்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை கிழக்கு ஆங்கிலியா, அதாவது நார்ஃபோக்கும் சஃபோக்கும். 15-ஆம் நூற்றாண்டில் கம்பளித் துணி வியாபாரத்தில் இந்தப் பக்கம் செல்வம் கொழித்தது. வியாபாரிகள் தங்கள் ஆன்ம ரட்சிப்புக்காகச் சர்ச்சுகளுக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தார்கள். லாவனமில் 141 அடி உயரக் கோபுரம் எழுந்தது அப்படித்தான். பிறகு துணித் தொழில் நொடித்துப்போனதால், பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பல ஊர்களில் பணமில்லை. 15-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் இவ்வளவு தப்பியதற்கு அந்த வறுமையும் ஒரு காரணம்.

கம்பளிப் பணத்தில் எழுந்த சர்ச்சுகளை காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளிலும் பார்க்கலாம். நார்த்லீச்சில் வியாபாரிகளின் உருவங்களைப் பித்தளைத் தகட்டில் செதுக்கித் தரையில் பதித்திருக்கிறார்கள். அந்த உருவங்களின் காலடியில் செம்மறியாடு, கம்பளி மூட்டை இரண்டும் இருக்கும். எங்கிருந்து பணம் வந்தது என்பதை அவர்கள் மறைக்கவே இல்லை.

கதவு திறந்திருக்குமா?

பெரும்பாலான கிராமத்துச் சர்ச்சுகள் பகலில் திறந்தே இருக்கும். ஆனால் கூரையிலுள்ள ஈயத் தகடுகளைத் திருடுகிறவர்கள் தொல்லையால் சில இடங்களில் பூட்டி வைக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் மூன்று இடங்களில் தேடுங்கள். திருச்சபையே நடத்தும் ‘ஏ சர்ச் நியர் யூ’ தளத்தில் ஆராதனை நேரங்கள் இருக்கும். ‘நேஷனல் சர்ச்சஸ் டிரஸ்ட்’ தளத்தில் பார்வையாளர்களுக்கான விவரங்கள் கிடைக்கும். வழிபாடு நின்றுபோன சர்ச்சுகளை 1969 முதல் ‘சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட்’ பராமரித்து வருகிறது. அதன் பொறுப்பில் 350க்கு மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றின் திறப்பு நேரம் அதன் தளத்திலேயே உண்டு.

பூட்டியிருந்தாலும் திரும்பிவிடாதீர்கள். வாசல் மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சாவி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சர்ச்சைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இல்லாத விஷயங்களைச் சொல்லக்கூடியவர்கள்.

கதவு பூட்டியிருக்கிறதா, வெறுமனே இறுகியிருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள். இரும்பு வளையத்தை இரண்டு பக்கமும் திருகி, தோளால் கொஞ்சம் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். மண்டப வாசலில் கம்பிவலைக் கதவு இருந்தால் உள்ளே போனதும் சாத்திவிடுங்கள். பறவைகள் உள்ளே மாட்டிக்கொண்டால் தண்ணீரில்லாமல் செத்துவிடும் என்பதற்காகத்தான் அது.

எப்போது போவது? மே முதல் செப்டம்பர் வரை நல்லது. ஞாயிறு காலையில் பார்வையிடப் போகாதீர்கள். ஆராதனையில் உட்கார விருப்பமிருந்தால் தாராளமாகப் போகலாம், வரவேற்பார்கள். ஒரே குருவானவர் ஆறேழு ஊர்களைக் கவனிப்பது சகஜம் என்பதால் சில சர்ச்சுகளில் மாதத்துக்கு ஒன்றிரண்டு ஆராதனைதான் நடக்கும். செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை ‘ரைடு அண்ட் ஸ்டிரைடு’ என்ற நிதி திரட்டும் நாள். சைக்கிளிலும் நடந்தும் மக்கள் சர்ச் சர்ச்சாகப் போவார்கள். வழக்கமாகப் பூட்டியிருக்கும் இடங்கள்கூட அன்று திறந்திருக்கும்.

கையில் என்ன வேண்டும்

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் ஒன்று, தாளிலோ செயலியிலோ. அதில் சிலுவைக்குக் கீழே கறுப்புச் சதுரம் இருந்தால் கோபுரமுள்ள சர்ச். கறுப்பு வட்டம் இருந்தால் கூம்புக் கோபுரம். வெறும் சிலுவை என்றால் இரண்டும் இல்லை. பச்சைப் புள்ளிக்கோடுகள் நடைபாதைகள். சர்ச்சுக்குச் சர்ச் வயல் வழியாக நடந்து போவது கார் பிடிப்பதைவிட இனிமை.

இதைவிட முக்கியம் ஒரு பைனாகுலரும் டார்ச் லைட்டும். கூரைச் சிற்பங்களும் ஜன்னல் உச்சியிலுள்ள பழைய கண்ணாடியும் வெறும் கண்ணுக்கு எட்டாது. டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ கீறிவைத்த கப்பல், கை, வட்டம் எல்லாம் நிழலோடு எழுந்து வரும். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்; கல் கட்டடம் வெளியைவிடக் குளிரும். கழிப்பறை பல இடங்களில் கிடையாது, கிளம்பும்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று: செருப்பைக் கழற்ற வேண்டுமா? தேவையில்லை. ஆனால் சேறு படிந்த பூட்ஸை மண்டபத்திலேயே விட்டுவிட்டுச் சாக்ஸுடன் உள்ளே போவது மரியாதை. ஆண்கள் தொப்பியைக் கழற்றுவது வழக்கம். புகைப்படம் பெரும்பாலும் எடுக்கலாம். சுவரோவியத்தை மட்டும் விரல் நுனியால்கூடத் தொடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் நிற்கும் நிறம் பொடியாக உதிரும்.

வெளியே ஒரு முழுச் சுற்று

உள்ளே ஓடாதீர்கள். கட்டடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். பலிபீடம் கிழக்கே, கோபுரம் வழக்கமாக மேற்கே, வாசல் மண்டபம் பெரும்பாலும் தெற்கே இருக்கும். இது தெரிந்தால் திசைகாட்டியே வேண்டாம்.

முதலில் கல்லைப் பாருங்கள். கிழக்கு ஆங்கிலியாவில் நல்ல கட்டடக் கல் கிடையாது. தீக்கல் எனப்படும் சக்கிமுக்கிக் கல்தான். அதை உடைத்து, கறுத்துப் பளபளக்கும் பக்கத்தை வெளியே காட்டி, வெளிறிய கல்லோடு சேர்த்துக் கோலம்போல அலங்கரித்திருப்பார்கள். வட்டக் கோபுரங்களும் இங்கேதான் அதிகம், நார்ஃபோக்கில் மட்டும் 120க்கு மேல். தீக்கல்லில் மூலை திருப்புவது கடினம் என்பதால்தான் வட்டமாகக் கட்டினார்கள் என்று சொல்வதுண்டு. அறிஞர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை.

தெற்குச் சுவரில், கதவோரமாக, நடுவில் ஓட்டையும் அதைச் சுற்றிக் கதிர்போலக் கோடுகளும் இருக்கிறதா பாருங்கள். அது ஆராதனை நேரம் காட்டிய நிழல் கடிகாரம். ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகி நிழல் விழுகிற கோட்டை வைத்து நேரம் பார்த்தார்கள். சில இடங்களில் அது வடக்கிலோ மண்டபத்துக்குள்ளோ இருக்கும், அதாவது வெயிலே படாத இடத்தில். அப்படியென்றால் அந்தக் கல் வேறொரு சுவரிலிருந்து எடுத்துவந்து வைக்கப்பட்டது.

அப்புறம் ஜன்னல்கள். காலத்தைக் கணிக்க இவைதான் சுலபமான வழி. தடித்த சுவரில் சின்ன அரைவட்ட வளைவு என்றால் நார்மன் காலம், ஏறத்தாழ 1190 வரை. ஒல்லியாக, உச்சி கூர்மையாக, நடுவே கல் பிரிவு எதுவும் இல்லாமல் இருந்தால் 13-ஆம் நூற்றாண்டு. உச்சியில் கல்வேலைப்பாடு கொடிபோல வளைந்து நெளிந்தால் 14-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. கல் கம்பிகள் அடியிலிருந்து உச்சிவரை நெட்டாக ஏறினால் 1350க்குப் பிந்தையது. இந்தப் பாணி 1540 வரை நீடித்தது.

அந்த 1350 முக்கியமான எல்லை. 1348-49இல் கொள்ளைநோய் வந்து நாட்டின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கொண்டுபோனது. ஹார்ட்ஃபோர்ட்ஷயரிலுள்ள ஆஷ்வெல் சர்ச்சின் கோபுரச் சுவரில் அதைப் பற்றி ஒருவர் லத்தீனில் கீறிவைத்திருக்கிறார். 1350ஐக் குறிப்பிட்டு, மிச்சமிருப்பது மக்களில் கடைசிக் கழிவு மட்டுமே என்கிறது அந்த வரி. நாட்டின் தேவாலயங்களில் நான் மிக முக்கியமாகக் கருதும் எழுத்து அது. எந்த வரலாற்றுப் பக்கமும் அந்த அளவுக்கு உலுக்குவதில்லை.

ஒரு எச்சரிக்கை: ஜன்னலின் விளிம்பு கத்திபோல ஒழுங்காக, மழையில் தேயாமல் இருந்தால் அது 19-ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் மாற்றி வைத்தது.

உள்ளே: தழும்புகளைத் தேடுங்கள்

1530 வாக்கில் இந்தக் கட்டடம் எப்படி இருந்திருக்கும் என்று முதலில் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுவரெல்லாம் வண்ண ஓவியம். மக்கள் நிற்கும் கூடத்துக்கும் பலிபீடப் பகுதிக்கும் நடுவே, வண்ணம் தீட்டிய மரத் தடுப்பு. அதன் மேலே சிலுவையில் இயேசு, இருபுறமும் மரியாளும் யோவானும். அதற்கும் மேலே இறுதித் தீர்ப்பின் ஓவியம்: ஒருபக்கம் சொர்க்கம், மறுபக்கம் நரகத்தின் திறந்த வாய். ஓரங்களில் புனிதர்களின் சிலைகள், அவற்றின் முன் எரியும் மெழுகுவர்த்திகள்.

1534இல் மன்னர் எட்டாம் ஹென்றி ரோமின் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்தார். அவர் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1547க்கும் 1553க்கும் இடையே, உருவ வழிபாட்டை எதிர்த்த சமயச் சீர்திருத்தத்தில் சிலைகள் அகற்றப்பட்டன. ஓவியங்கள் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். மிஞ்சியதை, மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில் தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள் என்ற தீவிரச் சீர்திருத்தவாதிகள்) தேடி வந்தார்கள். வில்லியம் டவ்சிங் என்பவர் 1643-44இல் கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் ஊர் ஊராகப் போய்க் கண்ணாடியையும் சிற்பத்தையும் உடைக்கவைத்து, என்னென்ன உடைத்தேன் என்று நாட்குறிப்பும் எழுதினார். கடைசியில் 19-ஆம் நூற்றாண்டுக்காரர்கள், ‘சீரமைப்பு’ என்ற பெயரில் பழைய பூச்சுகளைச் சுரண்டி எடுத்தார்கள். இதைத் தடுக்கத்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்.

இந்த நான்கு அலைகளையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். பலிபீடப் பகுதிக்குப் போகும் வளைவின் பக்கத்தில், சுவரில் பாதி உயரத்தில், எங்கும் போகாத ஒரு குட்டிக் கதவு இருக்கிறதா? மரத் தடுப்பின் மேல்மாடத்துக்கு ஏறிய படிக்கட்டின் வாசல் அது. மாடம் போய்விட்டது, வாசல் மட்டும் நிற்கிறது. தடுப்பின் கீழ்ப்பாதி மிஞ்சியிருந்தால் குனிந்து பாருங்கள். புனிதர்களின் உடையும் பூவேலையும் அப்படியே இருக்க, முகத்தை மட்டும் கத்தியால் கீறியிருப்பார்கள். உருவ வழிபாட்டின் உயிர் முகத்தில்தான் இருக்கிறது என்று கீறியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பலிபீடத்துக்கு வலப்புறச் சுவரில் சின்ன மாடமும் அதன் அடியில் தண்ணீர் போகும் துளையும் இருக்கும். திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவிய இடம் அது. அதேபோன்ற மாடம் கூடத்தின் பக்கச் சுவரிலும் இருந்தால் அங்கே இன்னொரு பலிபீடம் இருந்திருக்கிறது என்று பொருள். சுவரில் சாய்வாகக் குடைந்த ஓட்டை தெரிந்தால் அதன் வழியே குனிந்து பாருங்கள். நேராகப் பிரதான பலிபீடம் தெரியும்.

தெற்கு வாசலுக்கு நேரெதிரே வடக்குச் சுவரில் மங்கிய பெரிய உருவம் இருந்தால் அது அநேகமாகப் பயணிகளின் காவலராகக் கருதப்படும் புனித கிறிஸ்டோபர். அவரை ஒருமுறை பார்த்துவிட்டால் அன்று திடீர்ச் சாவு வராது என்று நம்பினார்கள். வேலைக்குப் போகிறவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலே போதும் என்பதற்காகவே அந்த இடம்.

தரையையும் மறக்காதீர்கள். கல்லில் மனித உருவ வடிவில் பள்ளம் மட்டும் இருந்தால் அங்கே பதித்திருந்த பித்தளையைப் பெயர்த்துப் போய்விட்டார்கள். ஒரு ஜன்னலில் மட்டும் பாதி முகம், ஒரு சிறகு, நாலு எழுத்து என்று கலைந்த கண்ணாடித் துண்டுகள் இருந்தால், உடைத்தவர்கள் போன பிறகு யாரோ பொறுக்கிச் சேர்த்து வைத்தவை அவை.

சஃபோக்கில் ஒரு நாள்

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து இப்ஸ்விச், அங்கே லோஸ்டாஃப்ட் ரயிலுக்கு மாறி ஹேல்ஸ்வர்த்தில் இறங்குங்கள். வென்ஹாஸ்டன் அங்கிருந்து நான்கைந்து கிலோமீட்டர்.

வென்ஹாஸ்டனில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு பொருள், மரப் பலகைகளில் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம். சீர்திருத்த காலத்தில் அதன் மேல் வெள்ளையடித்திருந்தார்கள். 1892இல் சீரமைப்பின்போது பயனற்ற பலகைகள் என்று நினைத்துக் கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள். இரவில் பெய்த மழை வெள்ளையைக் கழுவ, உருவங்கள் வெளியே தெரிந்தன. அந்த ஓவியத்தின் நடுவே நிறமே படாத நிழலுருவங்கள் இருக்கும்: ஒரு சிலுவை, இருபுறமும் இரண்டு ஆட்கள். முன்னால் நின்ற மரச் சிலைகள் மறைத்த இடம் என்பதால் ஓவியர் அங்கே தூரிகையை வைக்கவில்லை. சிலைகள் அழிந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை நின்ற இடம் அச்சு அசலாக இருக்கிறது. ஒரே ஒரு சர்ச்சுக்குத்தான் நேரம் என்றால் நான் இங்கேதான் அனுப்புவேன்.

அடுத்தது பிளைத்பரோ, நடந்து போகும் தூரம்தான். நதியின் சதுப்புக்கு மேலே நிற்கும் பிரம்மாண்டமான 15-ஆம் நூற்றாண்டுச் சர்ச். கூரையில் சிறகு விரித்த மரத் தேவதைகள். பைனாகுலர் இங்கே கட்டாயம். டவ்சிங் இவற்றை இறக்கச் சொன்னார், ஆனாலும் இன்றும் மேலேதான் இருக்கின்றன. அவற்றில் பதிந்திருந்த ஈயக் குண்டுகளுக்கு அவர் ஆட்களைக் குறைசொல்லும் கதையை நம்பாதீர்கள். பின்னாளில் கூரையில் கூடு கட்டிய பறவைகளைச் சுட்டதன் அடையாளம் அது. வடக்குக் கதவிலுள்ள கருகிய தடங்களுக்கும் ஒரு கதை உண்டு: 1577 ஆகஸ்ட் 4 அன்று புயலோடு வந்த கறுப்பு நாய்ப் பேயின் நகத்தடம் என்பார்கள். அன்று புயலும் இடியும் வந்து கோபுரத்தின் கூம்பு விழுந்தது உண்மை. பெஞ்சு முனைகளில், கிறிஸ்தவம் சொல்லும் கொடும்பாவங்களை உருவங்களாகச் செதுக்கியிருப்பதையும் பாருங்கள்.

வண்டி இருந்தால் மாலையில் கோவ்ஹைத்துக்குப் போங்கள். பெரிய சர்ச்சைப் பராமரிக்க முடியாத ஊரார் அதன் கூரையைப் பிரித்துவிட்டு, 1672இல் இடிபாட்டுக்கு உள்ளேயே நாணல் வேய்ந்த சின்னச் சர்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். வால்பர்ஸ்விக்கிலும் 1695இல் இதேதான் நடந்தது. சவுத்வோல்டில் மரத் தடுப்பு நன்றாகத் தப்பியிருக்கிறது, மணியடிக்கும் கவச வீரன் பொம்மையும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். மூன்றுக்கு மேல் போனால் மனதில் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

கிளம்பும் முன்

உண்டியலில் ஏதாவது போடுங்கள். இந்தச் சர்ச்சுகளின் அன்றாடப் பராமரிப்புக்கு அரசு பணம் தருவதில்லை. கூரை ஒழுகினால் ஊரிலுள்ள சில பத்துப் பேர்தான் நிதி திரட்ட வேண்டும். பல இடங்களில் இப்போது கார்டு தொட்டுக் கொடுக்கும் கருவியும் வைத்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவதும் உதவிதான்: மானியம் கேட்கும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்ட அது பயன்படும். வௌவால் எச்சம் கிடந்தால் குறை சொல்லாதீர்கள். வௌவால்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, சுத்தம் செய்து செய்து அலுத்துப்போனவர்கள் அந்த ஊர்த் தன்னார்வலர்கள்தான்.

அடுத்த முறைக்குச் சில பெயர்கள். ஹெரிஃபோர்ட்ஷயரின் கில்பெக்: 12-ஆம் நூற்றாண்டுச் செந்நிற மணற்கல், வெளிச்சுவரைச் சுற்றி 80க்கும் மேற்பட்ட விசித்திர முகங்கள். குளோஸ்டர்ஷயரின் ஃபேர்ஃபோர்ட்: 28 ஜன்னல்களிலும் இடைக்கால வண்ணக் கண்ணாடி முழுதாகத் தப்பிய சர்ச். அதற்குச் சற்றுத் தள்ளி வில்ட்ஷயரில் இங்கில்ஷம்: மாரிஸ் தலையிட்டதால் சுரண்டப்படாமல் பிழைத்தது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நூற்றாண்டுகளின் சுவர்ப்பூச்சை அங்கே பார்க்கலாம். டர்ஹம் பக்கம் எஸ்கோம்: ரோமானியக் கோட்டையின் கற்களைக் கொண்டுவந்து 7-ஆம் நூற்றாண்டில் கட்டியது. நம் ஊர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் ஷ்ராப்ஷயரின் மோர்டன் சேயையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டடம் 18-ஆம் நூற்றாண்டில் செங்கல் போர்த்தப்பட்டது என்றாலும், 1751இல் ஆர்க்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாக்குப்பிடித்த ராபர்ட் கிளைவ் அங்கேதான் புதைக்கப்பட்டார். புதைத்த இடத்துக்கு அடையாளம் கிடையாது. சுவரில் ஒரு பித்தளைப் பலகை மட்டும் இருக்கிறது.